மீன் படம் போட்ட பனியன்

எங்கள் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. சென்னிமலைக்குப் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், கொடுமுடிக்குப் போகிறவர்கள் காவிரியைப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்துவார்கள். அப்படி நிறுத்திய ஒருவன் கையில் கேமரா இருந்ததால்தான் வினை வந்தது. ரோட்டோரத்தில் கண்டதையெல்லாம் படம் பிடித்து, "இந்த ஊரோட ஆறு அதிசயம்" என்று யூடியூபில் போட்டுவிட்டான்.

முதல் அதிசயம், மாட்டுத்தீவனக் கடைக்காரர் வைத்த சிமெண்டுக் காளை. ஒரு கொம்பை போர்வெல் லாரி இடித்துக்கொண்டு போய்விட்டது, மிச்சக் கொம்போடு நிற்கிறது. இரண்டாவது, ஆறும் இல்லாமல் வாய்க்காலும் இல்லாமல் நட்டநடுக் காட்டில் நிற்கும் பாலம். மூன்றாவது, பேக்கரி வாசலில் ஆள் உயரத்துக்கு இருக்கும் சிமெண்டு பன். அதைப் பன் என்று கண்டுபிடித்த வெளியூர்க்காரன் இதுவரை பிறக்கவில்லை. நான்காவது, நாலு முகத்திலும் நாலு நேரம் காட்டும் மணிக்கூண்டு. ஐந்தாவது, பஸ் ஸ்டாப் கூரையைப் பொத்துக்கொண்டு நிற்கும் பனைமரம். மரத்தை வெட்ட அனுமதி வராததால் காண்ட்ராக்டர் கூரையில் ஓட்டை விட்டுக் கட்டிவிட்டார்.

ஆறாவது அதிசயம் ஒரு மனுஷன். ஈரோட்டு ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில், பிரிவு என்று நாங்கள் சொல்லும் முக்கில், விடிந்ததிலிருந்து நிற்பார். அறுபத்தைந்து வயதிருக்கும். கார் வருவது தெரிந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார், குனிவார், இரண்டு கையையும் சேர்த்து "வாங்க சாமி" என்பார். கார் போனதும் துண்டு மறுபடி தோளுக்குப் போகும். அடுத்த காருக்கு மறுபடி இறங்கும்.

யூடியூப்காரனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கொங்குத் தமிழின் மரியாதையைப் பாருங்கள் மக்களே, முன்பின் தெரியாதவனையும் சாமி என்கிறார்கள் என்று உருகினான். எங்கள் பக்கம் பெற்றவள் பிள்ளையைக் கொஞ்சுவதும் சாமி என்றுதான். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பண்ணாடியை, அதாவது தோட்டத்து எசமானை, கூப்பிட்டதும் சாமி என்றுதான். எந்தச் சாமி எது என்பது துண்டு எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் தெரியும். அது வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே ஒருத்தரும் அதை எழுதவில்லை.

நான் போத்தனூரில் டி-சர்ட்டுக்குப் பிரிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஊர் கமிட்டியார் எனக்குத்தான் போன் செய்தார்கள். ஆறு அதிசயத்தையும் போட்டு ஒரு டி-சர்ட் அடித்து பேக்கரியில் தொங்கவிட்டால் நிற்கிற கார்க்காரன் வாங்குவான் என்றார்கள். நானே வரைந்தேன். அவரை நடுநெஞ்சில் வைத்தேன், குனிந்த முதுகும் கூப்பிய கையுமாக. தலைக்கு மேலே வளைவாக "வாங்க சாமி". காளை, பாலம், பன், கூண்டு, பனை எல்லாம் சுற்றிலும் பொடியாக. நான் வரைந்ததிலேயே அழகாக வந்தது அதுதான். அவர் யார் என்று தெரியாமல் வரைந்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். தெரிந்துதான் வரைந்தேன்.

முதல் லாட்டில் ஒரு பிசகு நடந்தது. முதுகுப் பக்கம் "எங்கூருக்கு வாங்க, டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்று இரண்டு வரி. ஸ்கிரீன் ஓரத்தில் மை கசியாமல் இருக்க டேப் ஒட்டுவோம். அந்த டேப் ஒரு விரற்கடை உள்ளே ஏறி, இரண்டு வரியிலும் கடைசி "ங்க"வை மூடிவிட்டது. "எங்கூருக்கு வா, டீ குடிச்சுப்போட்டுப் போ" என்று பண்டல் பண்டலாக அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

ஊரே பொங்கிவிட்டது. கமிட்டித் தலைவர் காலையிலேயே கூப்பிட்டார். "ஏனுங்க, வர்றவங்களை வா போன்னு பேசற ஊருங்களா நம்ம ஊரு?" என்று கேட்டார். என் சித்தப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேக்கரிக்காரர் டி-சர்ட்டுகளை மூட்டை கட்டி, மரியாதை கெட்ட சரக்கைத் தன் கடையில் தொங்கவிட முடியாது என்று திருப்பி அனுப்பினார். எங்கள் ஊரில் கொலைக்குக் கூடச் சமாதானம் பேசிவிடலாம், ங்க போடாததற்கு முடியாது. நடுநெஞ்சில் ஒரு மனுஷனைக் காளைக்கும் பன்னுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறானே என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த டி-சர்ட்டில் தப்பித்த ஒரே ங்க அவர் மற்றவர்களுக்குச் சொன்னதுதான்.

இதை எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். அதற்கு முன் வாழ்நாளில் ஒரு தடவைகூட நான் அவரை அப்படிச் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாங்கள் அவன் என்போம், நேரில் டா என்போம், அவர் தொட்டிலில் கிடந்த என் தங்கைக்கும் ங்க போடுவார்.

திருத்தி அடித்த டி-சர்ட்டுகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போனேன். காளைக்குப் பக்கத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் பேசினார், தீவனக் கடைக்காரர் பேசினார், பிறகு ஆறாவது அதிசயத்தை மேடைக்கு அழைத்து வந்தார்கள். ஒரு ஆள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். யார் என்ன சொன்னாலும் சரீங்க சரீங்க என்று வந்தார். தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. டி-சர்ட்டையே தலை வழியாக மாட்டிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அவசர அவசரமாக டி-சர்ட்டைக் கழற்றினார். தலையில் மாட்டிக்கொண்டு காது கிழிந்துவிடும் போல இழுத்தார். கழற்றியதை நாலாக மடித்து, மேடையில் இத்தனை பேர் இருக்க, தேடி வந்து என் காலடியில் வைத்தார். துண்டை இடுப்பில் கட்டினார். இறங்கிப் பிரிவைப் பார்த்து நடந்தார். ஆளுக்குக் கூச்சம் என்று மைக்கில் சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நான் என் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் அவர் அப்படியே ஒரு பனியனைக் கழற்றி மடித்து எங்கள் அப்பா காலடியில் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் ஆகிறது. எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரி லீவில் வந்திருந்தேன். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய் இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட ஒரு பனியனைக் கம்பெனியில் கொடுத்திருந்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். எந்த நாட்டு ஊரோ, அந்த ஊர் ரோட்டோரத்தில் ஒரு பெரிய மீன் பொம்மை வைத்திருக்கிறார்கள் போல. நடுவில் வாயைப் பிளந்த மீன், மேலே வளைவாக ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர், சுற்றிலும் பொடிப் பொடியாய் ஏதேதோ படங்கள். அங்கே வருகிறவர்களுக்கு விற்பதற்காகத் திருப்பூரில் அடித்தது. ஒரு எழுத்து கோணிக்கொண்டதால் கழித்துவிட்டார்கள்.

பனியன் போட்டதுகூட அப்பாவுக்குப் பெரிய குற்றமில்லை. பனியன் போட்டதால் தோளில் துண்டு இல்லை. துண்டு இல்லாவிட்டால் எங்கள் அப்பாவைப் பார்த்ததும் எதை எடுத்து இடுப்பில் கட்டுவது? அவர் வெறுமனே கும்பிட்டார், சிரித்த முகமாகத்தான் கும்பிட்டார். அப்பா பாதி குடித்த டீயைக் கீழே வைத்துவிட்டுத் துண்டு எங்கேடா என்று கேட்டார். பனியனைக் கழற்றச் சொன்னார். களத்தில் கிடந்த ஒரு பழைய துண்டை எடுத்து வீசினார். "போயி பிரிவுல நில்லு. வர்ற வண்டிக்கெல்லாம் துண்டை எறக்கிக் கும்புட்டுப் பழகு. நான் வாரேன். வந்து போதும்ங்கற வரைக்கும் நிக்கோணும்" என்றார். சொல்லிவிட்டு அம்பாஸிடரில் ஏறிக் கொடுமுடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். வாரேன் என்று சொன்னதே அவருக்கு நினைவில்லை. எங்கள் பக்கம் போகிறவன் எவனும் போகிறேன் என்று சொல்ல மாட்டான், வாரேன் என்றுதான் சொல்வான். அப்பா பழக்கதோஷத்தில் சொன்னாரோ, நிஜமாகவே திரும்பி வருவதாகச் சொன்னாரோ, அது யாருக்கும் தெரியாது.

சித்திரை வெயில். மத்தியானம் அம்மாவுக்கு மனசு கேட்காமல், "போயி போதும்னு சொல்லிப்போட்டு வா சாமி" என்று என்னை அனுப்பினாள். புது ராஜ்தூத் பைக்கில் போனேன். பிரிவில் நின்றவர் என் வண்டியைக் கண்டதும் துண்டை இறக்கிக் கட்டி, குனிந்து, "வாங்க சாமி" என்றார். பக்கத்தில் புளியமரத்தடியில் அவர் சம்சாரம் தூக்குப்போசியில் கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மடியில் நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. நான் வண்டியை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். மறுபடி குனிந்தார். மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவையும் குனிந்தார். எனக்கு அது பிடித்திருந்தது, அதைவிடச் சரியான வார்த்தை இல்லை. போதும் என்று சொல்லாமலே வீட்டுக்கு வந்து, சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம் அவர் மயங்கி விழுந்து, நாலு பேர் கட்டிலில் போட்டு அவர்கள் தெருவுக்குத் தூக்கிப் போனார்கள்.

பனியனை அப்பா வண்டி துடைக்கச் சொன்னார். நல்ல பருத்தி, துடைக்க மனசு வரவில்லை. அம்மா இரண்டு தண்ணி அலசிக் கொடுத்தாள், நான் ஹாஸ்டலுக்கு எடுத்துப்போய் இரண்டு வருஷம் போட்டுக்கொண்டேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பினார் என்று சொன்னேன். ஒரு சின்ன ஊரைக்கூட நெஞ்சில் அடித்து விற்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மீன்தான். எங்கள் ஊர் டி-சர்ட்டின் அமைப்பு முழுக்க அதிலிருந்து எடுத்தது. மீன் இருந்த இடத்தில் அவரை வைத்தேன், அவ்வளவுதான் என் கற்பனை. நைந்துபோன பிறகு அந்தப் பனியன் என் முதல் பட்டறையில் மை துடைக்கும் துணியாக இருந்தது.

விழா முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மகள் போத்தனூருக்கு என்னைப் பார்க்க வந்தாள். அன்றைக்குப் புளியமரத்தடியில் இருந்த குழந்தைதான். ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை. உக்காருங்க என்றேன். அவளுக்கு ங்க போடுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, படித்தவள், சொந்தக் காரில் வந்தவள்.

உட்காரவில்லை. சண்டைக்கு வரவில்லை என்றாள், டி-சர்ட்டை நிறுத்தச் சொல்லவும் வரவில்லை என்றாள். அப்பாவுக்கு இரண்டு வருஷமாக நினைவு தப்பிவிட்டது, மகளையே சில நாள் அடையாளம் தெரிவதில்லை, அந்த ஒரு நாள் மட்டும் அப்படியே இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் சொல்வது போலச் சொன்னாள். அதற்குப் பிறகு லாரியில் லோடு ஏற்றியிருக்கிறார், கோழிப்பண்ணையில் இருந்திருக்கிறார், அவளைப் படிக்க வைத்திருக்கிறார், எல்லாம் அழிந்துவிட்டது. காலில் கொப்புளம் போட்டுப் புண்ணாகியிருக்கிறது. இரண்டு தடவை ரோட்டில் விழுந்துவிட்டார். இன்னொரு வெயில் காலத்தைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஊட்ல கதவைச் சாத்தி வெச்சா கதறறாருங்க. பண்ணாடி இன்னும் போதும்னு சொல்லலியாமா. உங்கப்பா இப்ப உசுரோட இல்லீங்க. அந்த ஊட்டுப் பண்ணாடி இப்ப நீங்கதானுங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க" என்றாள்.

அதற்கென்ன, வாரேன் என்றேன். சத்தியமாகப் போக வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் ஒரு காலேஜ் ஆர்டர் இருந்தது, பிறகு மெஷினில் கோளாறு, பிறகு ஒரு கிரகப்பிரவேசம். ஒன்பது நாள் ஆகிவிட்டது. அந்த ஒன்பது நாளும் அவர் வெயிலில் நின்றார் என்பது எனக்குத் தெரியும், பட்டறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்குப் பிரிவில் காரை நிறுத்தினேன். மகள் லீவு போட்டு வந்து, குடையோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். புளியமரம் இப்போது இல்லை, ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். அவர் என் காரைப் பார்த்துத் துண்டை இறக்கினார், குனிந்தார். நான் இறங்கிப் பக்கத்தில் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "போதுங்க. ஊட்டுக்குப் போங்க" என்றேன்.

அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். யாரோ பெரிய மனுஷர் நிற்கிறார், நான் அவரிடம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு வழிவிட்டு ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கி ஒதுங்கி நின்றார். இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் ஒரு அடி ஒதுங்கினார், அடுத்தது சாக்கடை. நான் அவர் கையைப் பிடித்து, உங்களைத்தானுங்க என்றேன். பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டார்.

மகள் குடையை மடக்கினாள். "அப்படிச் சொன்னா அவருக்குக் கேக்காதுங்க. உங்கப்பா மாதிரி சொல்லுங்க" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, எதிரில் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பெற்ற மகள், தன் அப்பாவை நாயைப் போல விரட்டச் சொல்லி, அதையும் ங்க போட்டுக் கேட்கிறாள். முடியாது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அப்படிச் சொல்லி நல்லவனாகிவிடலாம் என்றும் தோன்றியது, ஆனால் அவர் வெயிலிலேயே நிற்பார்.

"டேய்" என்றேன். தொண்டையில் அது பழைய இடத்திலேயே இருந்தது. "போதும்டா. போடா ஊட்டுக்கு."

முப்பது வருஷமாக யாரோ பிடித்து அழுத்திக்கொண்டிருந்த முதுகு நிமிர்ந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தை, கழுத்தை, கக்கத்தை எல்லாம் துடைத்தார். "சரீங்க சாமி" என்றார். மகள் கையைப் பிடித்து இரண்டு எட்டு நடந்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது, என் தயாள குணத்தை நினைத்து. அதற்குள் நின்றார், திரும்பி வந்தார்.

"என்ற பனியனுங்க சாமி?" என்றார்.

தன்னுடைய பழைய பனியனைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது, ஆனால் விளங்காதது போல் நின்றேன். காரில் டி-சர்ட்டுக் கட்டு இருந்தது. ஒன்றை உருவி நீட்டினேன். வாங்கி விரித்துப் பார்த்தார், முன்னும் பின்னும் திருப்பினார், குனிந்து கும்பிடும் தன்னையே விரலால் தடவிப் பார்த்தார். மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது இல்லீங்க சாமி. அதுல மீனு இருக்குமுங்க. அம்மணிக்குக் காட்டறேன்னு சொல்லியிருக்கறனுங்க" என்றார். அம்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

அந்த மீனின் ஒவ்வொரு செதிலும் எனக்குத் தெரியும். கோணிக்கொண்ட எழுத்து எது என்று தெரியும். பட்டறைக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் அடித்துவிடுவேன். அந்த எண்ணம் வந்ததும் பெரிய ஆறுதலாக இருந்தது. ஊட்ல இருக்குது, எடுத்துட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்துத் திரும்பினேன். யாரிடமிருந்து கிளம்பினாலும் சொல்வது போலத்தான் சொன்னேன்.

கார்க் கதவைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால், அவர் மகள் கையை விட்டிருந்தார். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து, பழைய இடத்துக்குப் போய், பழைய மாதிரியே நின்றார். கொடுமுடிப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது, குனிந்தார்.

மகள் மறுபடி குடையை விரித்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்கப்பாவும் வாரேன்னுதானுங்க சொல்லிட்டுப் போனாரு" என்றாள்.